ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைந்தது

ஆறாத கால் புண்ணுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதைப் பற்றி எனக்கு நெடுநாள் இருந்த குழப்பம், அந்த மருந்து வேலை செய்யவில்லை என்பதால் வந்ததல்ல. வேலை செய்வதுபோலவே இருந்தது என்பதால் வந்தது. என் பெரியம்மாவுக்கு இடது காலின் உள்பக்கத்தில், கணுக்காலுக்குச் சற்று மேலே ஒரு புண். மாத்திரை தொடங்கிய சில நாட்களில் அது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைந்தது. கட்டுத் துணியை நனைத்துக்கொண்டு வந்த நீர் குறையும், வாடை தணியும், சுற்றியிருந்த சிவப்பு மங்கும். வீட்டில் உள்ளவர்களுக்கு நிம்மதி பிறக்கும். மாத்திரை முடிந்து சில வாரங்களில் எல்லாம் பழைய நிலைக்கே வந்து நிற்கும். அப்போது எங்களுக்குத் தோன்றியதெல்லாம், மருந்தை இன்னும் சில நாட்கள் நீட்டித்திருக்கலாம் என்பதோ, இதைவிட வீரியமான ஒன்றைக் கொடுத்திருக்கலாம் என்பதோதான். மருந்தே தேவைப்பட்டிருக்காது என்று எவருக்கும் தோன்றவில்லை. கண்முன்னே பலன் தந்த ஒன்றை யார் சந்தேகிப்பார்?

இந்தச் சுற்றுக்கு ஒரு நிலையான வரிசை இருந்தது. புண் மோசமாகும், மருத்துவர் பஞ்சுக் குச்சியால் புண்ணைத் துடைத்து, அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புவார், சில நாட்களில் தாள் வரும். அதில் ஒரு கிருமியின் பெயரும், அதன் கீழே எந்தெந்த மருந்துக்கு அது அடங்கும், எதற்கு அடங்காது என்ற பட்டியலும் இருக்கும். ஒருமுறை ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், அடுத்த முறை சூடோமோனாஸ், பிறகு இரண்டும் சேர்ந்து. ஒரு கிருமி போய் இன்னொன்று வந்தால், பழையதை வென்றுவிட்டோம் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். அடங்காத மருந்துகளின் வரிசை தாளுக்குத் தாள் நீண்டுகொண்டே போனதைக் கவனித்தபோது, கிருமி கெட்டிக்காரத்தனமானது, நாமும் விடக்கூடாது என்ற வைராக்கியம்தான் வந்தது. ஒரு தாள் கிருமியின் பெயரையும் அதைக் கொல்லும் மருந்தின் பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டுக் கையில் கொடுக்கும்போது, மருந்து எழுதாமல் இருப்பதற்கு மருத்துவருக்குப் பெரும் மனவுறுதி வேண்டும். அதை எழுதித்தாருங்கள் என்று கேட்காமல் இருப்பதற்கு நோயாளியின் வீட்டாருக்கு அதைவிட அதிகம் வேண்டும்.

தாள் சொல்வதும் சொல்லாததும்

நாட்பட்ட புண்ணிலிருந்து எடுத்த மாதிரியில் கிருமி வளர்வது ஒரு கண்டுபிடிப்பே அல்ல என்பது எனக்குப் பிந்தித்தான் புரிந்தது. தோல் திறந்து, ஈரத்தோடு, இளஞ்சூட்டில் மாதக்கணக்கில் இருக்கும் ஓரிடத்தில் கிருமிகள் குடியேறாமல் இருந்தால்தான் வியப்பு. குடியேறியிருப்பதும் தொற்று ஏற்பட்டிருப்பதும் வேறு வேறு. காயப் பராமரிப்பில் இருப்பவர்கள் இதைப் படிப்படியாகப் பார்க்கிறார்கள்: கிருமிகள் வந்து ஒட்டியிருப்பது முதற்படி, அங்கேயே பெருகி வாழ்ந்தும் திசுவுக்குக் கேடு செய்யாமல் இருப்பது அடுத்தது, அந்த இடத்து அளவில் கேடு செய்யத் தொடங்குவது மூன்றாவது, சுற்றுத் திசுக்களுக்குப் பரவுவது நான்காவது, உடல் முழுவதையும் பாதிப்பது கடைசி. பெரும்பாலான கால் புண்கள் இரண்டாம் படியிலேயே ஆண்டுக்கணக்கில் நிற்கக்கூடியவை. கல்ச்சர் தாள் இந்தப் படிகளுக்கிடையே வேறுபாடு காட்டாது. தொற்று இருக்கிறது என்று கண்ணாலும் கையாலும் பார்த்து முடிவுசெய்த பிறகு, எந்த மருந்து பொருந்தும் என்று கேட்டால் அது பதில் சொல்லும். தொற்று இருக்கிறதா என்ற கேள்வியை அதனிடம் கேட்கவே கூடாது. நாங்கள் ஒவ்வொரு முறையும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2020 பிப்ரவரியில் கால் புண் தொற்றுக்கென்றே வெளியிட்ட வழிகாட்டுதல் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. பெரும்பாலான கால் புண்களில் கிருமிகள் இருந்தாலும் தொற்று இருப்பதில்லை. தொற்றின் அறிகுறி இல்லாதபோது ஆன்டிபயாடிக் புண் ஆறுவதற்கு உதவுவதில்லை. என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது அடுத்த வரி: தொற்றே இருந்தாலும், முதன்முறை வரும்போது மாதிரி எடுக்க வேண்டியதில்லை. சிகிச்சை தொடங்கிய பிறகும் குறையாமல் மோசமானால் அப்போது எடுத்தால் போதும். எடுக்கும் முறையும் முக்கியம். முதலில் புண்ணை நன்றாகக் கழுவி, மேலே படிந்த கசடு நீங்கிய பிறகு, உயிருள்ள திசுவின் மீது குச்சியைச் சற்று அழுத்திச் சுழற்றி எடுக்க வேண்டும். கட்டைப் பிரித்தவுடன் மேலே நிற்கும் நீரில் தொட்டு எடுத்தால், அந்த நீரில் மிதப்பவற்றின் கணக்குதான் கிடைக்கும்.

மருந்து போய்ச் சேருவதிலும் ஒரு சிக்கல் உண்டு. நாட்பட்ட புண்களில் பெரும்பாலானவற்றில் கிருமிகள் தனித்தனியாக அலைவதில்லை. தாமே சுரந்த ஒரு பசைப் படலத்துக்குள் கூட்டமாக வாழ்கின்றன. பயோஃபிலிம் எனப்படும் இந்தப் படலத்தின் உட்புறத்தில் இருக்கும் கிருமிகள் மிக மெதுவாகவே வளர்கின்றன. வளரும் கிருமியைத் தாக்குவதற்கென்று அமைந்த பல மருந்துகளுக்கு அவை எளிதில் இரையாவதில்லை. ஆய்வகத் தட்டில் தனியாகப் பிரித்து வளர்த்த கிருமி ஒரு மருந்துக்கு அடங்கும் என்று தாள் சொன்னாலும், அதே கிருமி படலத்துக்குள் இருக்கும்போது அடங்காமல் போகலாம். அதற்கும் மேலே, புண்ணின் அடியில் மஞ்சளாகப் படிந்திருக்கும் செத்த திசுவுக்கு இரத்த ஓட்டமே கிடையாது. வாய்வழி விழுங்கிய மாத்திரை இரத்தத்தின் வழியாகத்தானே அங்கே போக வேண்டும்? படலத்தைக் கலைப்பதற்கு இன்றும் நம்பகமான வழி, செத்த திசுவை அகற்றிப் புண்ணைத் தவறாமல் நன்கு கழுவிவிடுவதுதான். கையால் செய்ய வேண்டிய வேலையை மாத்திரையிடம் ஒப்படைத்திருந்தோம்.

கணுக்காலில் கட்டிய பட்டை

இந்தச் சுற்றை நிறுத்தியவர் புண்ணைவிடக் காலை அதிக நேரம் பார்த்த ஒரு மருத்துவர். நாங்கள் கொண்டுபோன தாள்களின் கட்டை வாங்கி மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு, பெரியம்மாவை எழுந்து நிற்கச் சொன்னார். நிற்கும்போது கெண்டைக்காலில் புடைத்த நரம்புகளையும், கணுக்காலைச் சுற்றிப் பழுப்பேறிக் கெட்டித்துப்போயிருந்த தோலையும் தடவிப் பார்த்தார். இரவில் படுத்துத் தூங்குகிறீர்களா, நாற்காலியில் உட்கார்ந்தபடியா என்று கேட்டார். பெரியம்மா மாதக்கணக்கில் நாற்காலியில்தான் தூங்கிக்கொண்டிருந்தார். வலிக்கு அதுதான் இதம் என்று அவரே கண்டுபிடித்திருந்தார். அதை ஒரு தகவலாக எவரிடமும் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதில்லை. காலைத் தொங்கவிட்டால் வலி குறைகிறது என்பது, காலுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியின் அடைப்புக்கு அறிகுறியாகவும் இருக்கலாம், மூட்டுவலியால் படுக்கையில் ஏறி இறங்க முடியாமல் வந்த பழக்கமாகவும் இருக்கலாம் என்றார். எது என்று தெரியாமல் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு, கணுக்காலுக்கு மேலே இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டினார்.

கையில் பார்க்கும் அழுத்தத்தைக் காலிலும் பார்ப்பார்கள் என்பதே எனக்குப் புதிது. சிறிய டாப்ளர் கருவியால் பாதத்தின் நாடியோசையைக் கேட்டுக்கொண்டே பட்டையைத் தளர்த்தி, கணுக்காலில் கிடைத்த மேல் அழுத்தத்தைக் கையில் கிடைத்ததால் வகுத்தார். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் தமனி வழியாக இரத்தம் நன்றாக வருகிறது என்று பொருள். விகிதம் 0.8-க்குக் கீழே போனால் இறுக்கமான கட்டுப் போடும் முன் யோசிக்க வேண்டும்; 0.5-க்கும் கீழே போனால் இறுக்கிக் கட்டுவதே ஆபத்து, இரத்தக்குழாய் அறுவை மருத்துவரிடம் உடனே அனுப்ப வேண்டும். நீரிழிவு நீண்டநாள் இருப்பவர்களுக்குத் தமனிச் சுவர் கெட்டித்துப்போய் இந்த விகிதம் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், அவர்களுக்கு வேறு சோதனைகளும் தேவைப்படும். பெரியம்மாவுக்கு விகிதம் ஒன்றை ஒட்டி வந்தது. தமனியில் குறையில்லை, குறை இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகளில்.

அவர் விளக்கியதன் சாரம் இது. நாம் அசையாமல் நிற்கும்போது கணுக்காலின் சிரைகளில் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அளவு வரை இருக்கும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளும். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அது திரும்பி இறங்காமல் தடுக்கும். அழுத்தம் 30-க்குக் கீழே இறங்கிவிடும். வால்வு பழுதானவர்களுக்கு நடந்தாலும் அழுத்தம் அந்த அளவுக்கு இறங்குவதில்லை. பகல் முழுவதும், நாற்காலியில் தூங்கினால் இரவு முழுவதும்கூட, அந்த உயரழுத்தம் நுண்குழாய்களின் மீது விழுந்துகொண்டே இருக்கும். நீர் கசிகிறது, சிவப்பணுக்களும் வெளியேறித் தோலைப் பழுப்பாக்குகின்றன, அழற்சி அடங்குவதே இல்லை, தோல் ஒரு சிறு உரசலில் உடைந்தால் மூடுவதற்கான சூழல் அங்கே இல்லை. கசிகிற சுவரில் பூசணத்தை மட்டும் துடைத்துக்கொண்டிருந்த கதைதான் எங்களுடையது. கால் புண்களில் பெரும்பங்கு இந்த வகை. அதற்குரிய சிகிச்சை, கணுக்காலில் சுமார் 40 மில்லிமீட்டர் அழுத்தம் கொடுத்து மேலே போகப்போகக் குறையும்படி, பாதத்திலிருந்து முழங்கால் வரை போடும் பல அடுக்கு அழுத்தக் கட்டு.

ஆன்டிபயாடிக்கை நிறுத்துகிறேன் என்று அவர் சொன்னபோது நான் என் கேள்வியைக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் குறைந்ததே, அது எப்படி? அவர் எரிச்சல்படவில்லை, பதிலுக்கு இரண்டு கேள்விகள் கேட்டார். மருந்தை எப்போது தொடங்கினீர்கள்? புண் மிகவும் மோசமானபோது. மருந்து சாப்பிட்ட நாட்களில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? படுத்திருந்தார், மருந்து சாப்பிடுகிறவர் ஓய்வெடுக்க வேண்டும் என்று நாங்கள்தான் கட்டாயப்படுத்திப் படுக்கவைத்து, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தோம். கட்டையும் அந்த நாட்களில்தான் அடிக்கடி மாற்றினோம். அவர் மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏறியிறங்கும் தன்மையுள்ள எந்த நோயையும் அதன் உச்சத்தில் பிடித்து மருந்து கொடுத்தால், மருந்து வெறும் மாவாக இருந்தாலும் அடுத்த வாரம் குறைந்துதான் இருக்கும். அதோடு கால் உயர்ந்திருந்த நாட்களில் சிரை அழுத்தம் தானே இறங்கியிருக்கிறது. நீர் குறைந்தது அதனால். மருந்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. மேற்பரப்பில் உள்ள கிருமிகள் சில நாட்கள் குறையும், வாடை தணியும். புண்ணின் அகலம் குறைந்ததா என்று கேட்டார். அளந்து பார்த்ததில்லை என்றோம். அன்று ஒளி ஊடுருவும் தாளை வைத்து ஓரத்தை வரைந்து தேதியிட்டுக் கொடுத்தார். அந்த வரைபடங்கள் சேரச் சேரக் கல்ச்சர் தாள்களைப் பார்க்கும் ஆசை எங்களுக்குப் போய்விட்டது.

சோதனைகள் என்ன காட்டின

பிறகு நான் தேடிப் படித்ததில், இந்தக் கேள்வி ஏற்கெனவே நன்றாகத் துருவிப் பார்க்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தது. சிரைக் கால் புண்களுக்கு ஆன்டிபயாடிக், கிருமிநாசினி ஆகியவற்றின் பயனைப் பற்றி மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, 4,486 பேர் பங்கேற்ற 45 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. ஆறுவதை விரைவுபடுத்த ஆன்டிபயாடிக்கை வழக்கமாகக் கொடுப்பதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. மேலே பூசும் பொருட்களில் காடெக்ஸோமர் அயோடினுக்கு மட்டும் ஓரளவு ஆதரவு இருந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், இந்தச் சோதனைகளில் பல சிறியவை, சில பழையவை, செய்த முறையிலும் குறைகள் உண்டு. ஆதாரம் இல்லை என்பதைப் பயனே இல்லை என்று அழுத்திப் படிப்பது சரியல்ல. ஆனால் இத்தனை பேரிடம் இத்தனை காலம் தேடியும் பளிச்சென்று தெரியாத ஒரு பலனுக்காக, நிச்சயமாகத் தெரிந்த தீமைகளை ஏற்கலாமா என்பதுதான் என் கேள்வி. வெள்ளி கலந்த கட்டுத் துணிகளைப் பற்றிய நம்பிக்கையும் இதே வழியில் போனது. 213 பேரைக் கொண்டு பிரிட்டனில் நடந்த வல்கன் சோதனையில், அழுத்தக் கட்டின் அடியில் வெள்ளித் துணி வைத்தவர்களுக்கும் சாதாரணத் துணி வைத்தவர்களுக்கும் ஆறும் வீதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், நோயின் காரணத்தைத் தொட்ட சிகிச்சைகள் சோதனைகளில் தெளிவாகவே நிற்கின்றன. அழுத்தக் கட்டு போடுவது, போடாமல் இருப்பதைவிட மேல் என்பதில் இன்று தகராறு இல்லை. 2018-இல் வெளியான எவ்ரா சோதனையில், 450 பேரைப் பிரித்து, ஒரு பாதியினருக்குப் பழுதான மேற்சிரையை உள்ளிருந்தே அடைக்கும் சிகிச்சையை உடனேயும், மற்றப் பாதியினருக்குத் தாமதித்தும் செய்தார்கள். எல்லோருக்கும் அழுத்தக் கட்டு உண்டு. உடனே செய்தவர்களுக்குப் புண் ஆற எடுத்த இடைநிலைக் காலம் 56 நாட்கள், தாமதித்தவர்களுக்கு 82 நாட்கள். அந்த எண்களைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. மருந்தால் வந்த வயிற்றுப்போக்கையோ வாய்ப்புண்ணையோ விட, அதற்காகச் செலவான மாதங்கள்தான் பெரியம்மாவுக்கு நேர்ந்த பெரிய இழப்பு என்று நினைக்கிறேன். ஒவ்வொரு மாத்திரைச் சுற்றும் அடுத்த சில வாரங்களுக்கு வேறு எதையும் யோசிக்க வேண்டாம் என்ற அனுமதியை எல்லோருக்கும் கொடுத்துவிட்டது.

அந்த அனுமதி சில நேரங்களில் ஆபத்தானது. ஆறாத புண் எல்லாமே சிரைப் புண் அல்ல. ஆண்டுக்கணக்கில் ஆறாமல் கிடக்கும் புண்ணின் ஓரத்தில் புற்று தோன்றலாம். மார்ஜோலின் புண் என்று அதற்குப் பெயரே உண்டு. விளிம்பு தடித்து உயர்ந்தால், அல்லது சரியான சிகிச்சை கொடுத்தும் அசையாமல் இருந்தால், சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். பயோடெர்மா கேங்கிரினோசம் என்ற நோயில் உடலின் நோயெதிர்ப்பே தோலைத் தாக்குகிறது. பார்ப்பதற்கு மோசமான தொற்றைப் போலவே இருக்கும், ஆன்டிபயாடிக்கால் அடங்காது, செத்த திசுவை அகற்றப்போனால் இன்னும் பெரிதாகும். மறுபுறம், ஆன்டிபயாடிக்தான் மருந்து என்று சொல்லத்தக்க புண்களும் உண்டு. புருலி புண் என்பதை உண்டாக்குவது காசநோய்க் கிருமியின் உறவான ஒன்று. ரிஃபாம்பிசினும் கிளாரித்ரோமைசினும் சேர்த்து எட்டு வாரம் கொடுப்பதுதான் அதற்கு முதன்மைச் சிகிச்சை. ஆகவே கால் புண்ணுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை என்று யாராவது மொத்தமாகச் சொன்னால் அதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. எந்தப் புண் என்று கேட்காமல் சொல்லப்படும் எந்தப் பதிலும் எனக்கு இப்போது சந்தேகத்துக்குரியதுதான்.

சிவப்பும் சூடும்

வீட்டில் இருப்பவர்களை அதிகம் மிரட்டுவது சிவப்பு. சிரை அழுத்தம் உயர்ந்த காலில் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்புத் திசு அழற்சியுற்றுக் கெட்டிப்படும்போது கால் சிவந்து சுடும். சிரைசார்ந்த எக்ஸிமா வந்தால் சிவந்து, செதிலாகி, அரிக்கும். இரண்டும் தொற்று அல்ல, இரண்டும் செல்லுலைட்டிஸ், அதாவது தோலிலும் அதன் அடித் திசுவிலும் பரவும் கிருமித் தொற்று, என்று எண்ணி ஆன்டிபயாடிக் கொடுக்கப்படுபவை. செல்லுலைட்டிஸ் இரண்டு கால்களிலும் ஒரே நேரத்தில் வருவது அரிது; இரண்டும் சேர்ந்து சிவந்திருந்தால் முதலில் வேறு காரணத்தைத் தேட வேண்டும். அரிப்பு மேலோங்கியிருந்தால் எக்ஸிமாவையும், வலியும் காய்ச்சலும் மேலோங்கியிருந்தால் தொற்றையும் நினைக்க வேண்டும். பெரியம்மாவின் காலைச் சுற்றி இருந்த சிவப்பில் ஒரு பகுதிக்கு நாங்கள் தடவிய களிம்பே காரணமாக இருந்தது. நியோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் களிம்புகளுக்கு ஒவ்வாமை வருவது கால் புண் உள்ளவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம். அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2010-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக நியோமைசினைத்தான் அறிவித்தது. களிம்பால் வந்த சிவப்பைத் தொற்று என்று எண்ணி அதற்கும் மாத்திரை கொடுப்பது எளிதில் நடக்கக்கூடியது.

உண்மையான தொற்று எப்படி இருக்கும் என்பதை நாங்கள் அழுத்தக் கட்டுக்கு மாறிய பிறகுதான் பார்த்தோம். புண் பாதிக்குமேல் மூடியிருந்த நேரம். ஒரு மாலை பெரியம்மாவுக்குக் குளிர் நடுக்கம் வந்தது. அதற்குள் கணுக்காலில் தொடங்கிய சிவப்பு முழங்காலை நோக்கி ஏறியிருந்தது. அதன் விளிம்பைப் பேனாவால் கோடிட்டு வைத்தோம், சற்று நேரத்தில் கோட்டைத் தாண்டியது. தொட்டால் சுட்டது, வழக்கமான வலியல்ல, புதிய வலி என்று அவரே சொன்னார். மருத்துவர் அப்போது ஒரு நொடியும் தயங்கவில்லை. மருத்துவமனையில் சேர்த்து, ஆன்டிபயாடிக்கை நரம்பு வழியாகத் தொடங்கி, பிறகு மாத்திரைக்கு மாற்றினார். மருந்து தொடங்கிய மறுநாள் காய்ச்சல் விட்டது, அடுத்தடுத்த நாட்களில் சிவப்பு கோட்டுக்குள் பின்வாங்கியது. முன்பு பார்த்த அந்தக் கொஞ்சக் குறைவோடு இதை ஒப்பிடவே முடியாது. தேவைப்படும் இடத்தில் இந்த மருந்து எவ்வளவு வலியது என்பதை அன்று கண்ணால் கண்டேன். தேவையற்ற இடங்களில் அதைக் கொடுத்ததில் எனக்கிருந்த கோபம் அன்றுதான் அதிகமாயிற்று. தாள்களில் அடங்காத மருந்துகளின் பட்டியல் நீண்டுகொண்டே போனதன் பொருள் அப்போது உறைத்தது. பரவிய கிருமி அந்தப் பட்டியலில் இருந்ததாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளால் 2019-இல் உலகம் முழுவதும் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. அந்த எண் எனக்கு ஏற்கெனவே தெரியும். வீட்டில் இருந்த தாள்கள் செய்ததை அந்த எண் செய்யவில்லை.

புண் பெரிதாவதையும் நீர் ஒழுகுவதையும் மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதால், எதைப் பார்த்தால் உடனே வர வேண்டும் என்று மருத்துவர் எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார். புண்ணைத் தாண்டிப் பரவும் சிவப்பு அல்லது வீக்கம், சூடு, திடீரென்று கூடும் வலி, காய்ச்சல். வயதானவர்களுக்குக் காய்ச்சலே வராமல் குழப்பமான பேச்சும் சோர்வும் மட்டும் வரலாம் என்றும், நீரிழிவால் உணர்வு மங்கிய காலில் வலியை நம்ப முடியாது என்றும் எச்சரித்தார். பாதத்தில் எலும்பு தட்டுப்படும் ஆழத்துக்குப் புண் போனால் அது வேறு கணக்கு; எலும்புத் தொற்றுக்கு வாரக்கணக்கில் மருந்து தேவைப்படும். சாதாரணமான கால் புண் தொற்றுக்கு நைஸ் சொல்வது பெரும்பாலும் ஃப்ளுக்ளாக்ஸாசிலின், ஏழு நாட்கள். தொற்று அடங்கிவிட்டால், புண் ஆறவில்லை என்பதற்காக மருந்தை நீட்டிப்பதில் பொருளில்லை. நாங்கள் முன்பு செய்துவந்தது சரியாக அதுதான்.

வாடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் வழிகாட்டுதல்கள் அதை எளிதாகக் கடந்துவிடுகின்றன. பெரியம்மா மருந்து கேட்டதற்கு முதற்காரணம் வலியல்ல, வாடை. யாராவது வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவார். கிருமிகள் இருக்கின்றன, ஆனால் தொற்று இல்லை என்று அவரிடம் விளக்குவது அவருடைய துயரத்துக்குப் பதிலாகாது. வாடைக்கு வாடைக்குரிய சிகிச்சை உண்டு: செத்த திசுவை அகற்றுவது, ஒவ்வொரு கட்டு மாற்றத்திலும் காலையும் புண்ணையும் நன்றாகக் கழுவுவது, நீரை உறிஞ்சும் துணியின் அளவைக் கூட்டுவது, தேவைப்பட்டால் கரி கலந்த கட்டுத் துணி. இவற்றையெல்லாம் செய்ய ஒருவர் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை அரை மணி நேரத்துக்குமேல் அந்தக் காலோடு உட்கார வேண்டும். மருந்துச் சீட்டு எழுத ஒரு நிமிடம் போதும். ஆன்டிபயாடிக் இந்த நோயில் இவ்வளவு புழங்குவதற்கு அறியாமையைவிட இந்த நேரக் கணக்குதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். கட்டுப் போடத் தெரிந்த செவிலியரைக் கண்டுபிடிப்பது எங்களுக்கு எந்த மாத்திரையையும் விடக் கடினமாக இருந்தது. தவறாகக் கட்டினால் ஓரிடத்தில் இறுகித் தோலை அறுத்துவிடும் என்பதால் நாங்களே முயலவும் துணியவில்லை.

இன்னும் முடியாத விவாதம்

புண் மூடிவிட்டது. அதற்கும் பிறகு இன்னொரு முறை, புண் இல்லாமலே, அதே காலில் செல்லுலைட்டிஸ் வந்து போனது. இப்போது வீட்டில் பேச்சு, தொற்று வராமல் தடுக்கக் குறைந்த அளவு பெனிசிலினைத் தினமும் கொடுத்துவரலாமா என்பது. இதற்கு ஆதாரம் இருக்கிறது என்பதுதான் சங்கடம். 2013-இல் வெளியான ஒரு சோதனையில், காலில் செல்லுலைட்டிஸ் திரும்பத் திரும்ப வந்த 274 பேரில், ஓராண்டு பெனிசிலின் எடுத்தவர்களில் 22 விழுக்காட்டினருக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 37 விழுக்காட்டினருக்கும் அது மீண்டும் வந்தது. மருந்தை நிறுத்திய பிறகு அந்தப் பாதுகாப்பு நிலைக்கவில்லை. 2020-இல் வெளியான இன்னொரு சோதனையில், கால் வீக்கம் நாட்பட்டு இருந்த 84 பேரில் அழுத்தக் காலுறை முதலியவற்றால் சிகிச்சை பெற்றவர்களில் 15 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 40 விழுக்காட்டினருக்கும் செல்லுலைட்டிஸ் திரும்பியது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் அதை முன்கூட்டியே நிறுத்தினார்கள். இரண்டும் கால் புண்காரர்களுக்காகவே நடத்தப்பட்டவை அல்ல, ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்த்தவையும் அல்ல. மருத்துவர் காலுறையை முதலில் ஒழுங்காகப் போடுவோம், அதையும் மீறி வந்தால் பெனிசிலினைப் பற்றிப் பேசுவோம் என்கிறார். பெரியம்மாவின் மகளுக்கு அதில் உடன்பாடில்லை. அந்த நடுக்கத்தை இன்னொரு முறை பார்க்கத் தன்னால் முடியாது என்கிறாள், அதுவும் நியாயம்தான். காலுறையை மாட்டுவதற்கு இன்னொருவர் உதவி வேண்டும், சில மாதங்களில் அது இறுக்கம் இழந்துவிடும், புதிதாக அளவெடுத்து வாங்க வேண்டும். பெரியம்மா மதியத்துக்கு மேல் அதைக் கழற்றிவிடுகிறார். இப்போதைக்கு, மாலை வரை அது காலிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்வது என்றும், அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது பெனிசிலின் பேச்சை மகளே எடுப்பது என்றும் முடிவாகியிருக்கிறது.